ராட்டின வரிசையில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளை

கனடாவில் வாரத்துக்கு ஒரு தடவையாவது, முன்பின் தெரியாத ஒருவரிடம் என் மகளின் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன். பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில், நீச்சல் குளத்து வாசலில், சில நாட்களில் பஸ் சாரதியிடம்கூட. "இவளுக்கு ஓட்டிசம். இரைச்சல் ஒத்துக்கொள்ளாது, காத்திருக்க முடியாது" என்று, வெளியே மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்வேன். அவர்களும் முகம் மாறாமல் கேட்பார்கள், வேண்டியதைச் செய்வார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் கதைக்கிற குடும்பத்தில் வளர்ந்தவன் நான். இத்தனை வருடமாகியும், சொல்லி முடித்த பிறகு சட்டை போடாமல் சந்தைக்கு வந்துவிட்டவன் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பேன்.

இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியது ஒரு தீம் பார்க். அப்போது மதுராவுக்கு ஏழு வயது. சுற்றுகிற எதைக் கண்டாலும் அவளுக்கு உயிர்: மின்விசிறி, சைக்கிள் சில்லு, உடுப்புத் தோய்க்கிற மெஷின். ஆனால் வரிசையில் நிற்க அவளால் முடியாது. முன்னும் பின்னும் ஆட்கள் நெருங்கினால் நிலத்தில் விழுந்து தலையை மோதத் தொடங்குவாள். இப்படியான பிள்ளைகளுக்கு அங்கே ஓர் அட்டை தருவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்கவில்லை, வைத்தியர் கடிதமும் கேட்கவில்லை. "வரிசையில் நின்றால் உங்கள் மகளுக்கு என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்டாள். மகள் பக்கத்தில் நிற்கிறாள். எதிரே சீருடை போட்ட ஒருத்தி. எனக்குள் இருந்த ஊர்க்காரன் முந்திக்கொண்டான். "நோ ப்ரொப்ளம், வெரி குட் கேர்ள்" என்றேன். "அப்படியானால் மிக நல்லது, உங்களுக்கு அட்டை தேவைப்படாது" என்று அவள் வாயெல்லாம் சிரிப்பாக எங்களை அனுப்பிவைத்தாள்.

முதல் வரிசையிலேயே எல்லாம் நடந்தது. கொங்கிரீட் தரையில் மகளின் தலைக்குக் கீழே என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு முழங்காலில் இருந்தேன். என் மனைவி சுமதிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பொம்பிளை பாக்க வந்த ஆக்களுக்குச் சொல்லுற மாதிரி ஏன் சொன்னனீங்கள்? கவுண்டரில இருந்த பிள்ளை உங்களிட்டச் சம்பந்தமா கேட்டது?" என்றாள். திரும்பப் போய், இந்த முறை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அட்டை வந்தது. அதைக் காட்டினால் ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு நேரம் குறித்துத் தருவார்கள். அதுவரை மர நிழலில் இருந்துவிட்டு, அந்த நேரத்துக்கு வேறு வாசலால் ஏறலாம். காத்திருப்பது எல்லாருக்கும் ஒரே அளவுதான், நெரிசலில் நிற்கத் தேவையில்லை என்பதுதான் சலுகை. நான் திகைத்துப்போனேன். அதைவிடத் திகைப்பு, அத்தனை பேரில் ஒருவர்கூட "ஐயோ பாவம்" என்று சொல்லாதது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அந்த ஒரு சொல் இல்லாதது எனக்குக் குறையாகக்கூட இருந்தது.

இந்த முறை விடுமுறைக்குத் திருகோணமலைக்கு மதுராவுடன் நான் மட்டும் வந்தேன்; சுமதிக்கு லீவு கிடைக்கவில்லை. மகளுக்கு இப்போது பதினொரு வயது. ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற அக்கா வீட்டில் தங்கியிருக்கிறோம். போன சனிக்கிழமை பின்னேரம், கடற்கரைப் பக்கம் போட்டிருந்த கார்னிவலுக்கு அக்கா எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். ராட்டினத்தைக் கண்டதும் மதுரா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். கைகள் இரண்டையும் தோளுக்கு மேலே தூக்கி உதறினாள். "ஏறுவம்" என்றாள். அவளிடம் இருப்பதே கொஞ்சச் சொற்கள். அதில் முக்கால்வாசி தமிழ். ராட்டினத்துக்கு முன்னால் நெருக்கி அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. மகள் அதைப் பார்த்ததும் மூச்சை வேகமாக இழுக்கத் தொடங்கினாள். இன்னும் சில நிமிடங்களில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகவும் ஏலாது, ஆசைப்பட்டதைக் கேட்க அவளுக்குச் சொல் கிடைப்பதே அபூர்வம்.

நேராக ராட்டினக்காரரிடம் போனேன். கிண்ணியாப் பக்கத்து மனிதர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டார்கள். கனடாவில் பழகிய வாய். முழுக்கதையையும், சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். ஓட்டிசம், வரிசையில் நிற்க ஏலாது, கொஞ்சம் தள்ளி நிற்கிறோம், எங்கள் முறை வந்ததும் கூப்பிடுங்கள் என்று. அவர் முகம் இருண்டுவிட்டது.

"வருத்தக்காரப் பிள்ளையை ஏத்த ஏலாது தம்பி. மேல போய் ஏதும் நடந்தா நான் ஆருக்குப் பதில் சொல்ற?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பி மதுராவைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். இன்னொருத்தி "ஐயோ பாவம்" என்றாள். அன்றைக்கு இல்லையே என்று தேடிய சொல், இப்போது கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது.

அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கென்ன விசரோ? பின்னுக்கு நிக்கிறது ஆர் தெரியுமோ? என்ர மூத்தவளுக்குப் பேசுற மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீட்டாக்கள். நாளைக்கு எங்கட பரம்பரையைப் பற்றியெல்லோ கதைப்பினம்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்து, சிரித்த முகத்தோடு ராட்டினக்காரரிடம் திரும்பினாள்.

"நானா, தம்பிக்குச் சொல்லத் தெரியேல்ல. பிள்ளைக்கு ஒண்டுமில்லை. வெளிநாட்டில பிறந்த பிள்ளை, தமிழ் தெரியாது. எங்கட சனநெரிசலும் பழக்கமில்லை, அதுதான் பயப்பிடுது."

அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி மாறியது. "வெளிநாட்டுப் பிள்ளையா! அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார். கூட்டத்தைப் பார்த்து, "வெளிநாட்டு ஆக்கள், கொஞ்சம் வழி விடுங்கோ" என்று குரல் கொடுத்தார். கூட்டம் விலகியது. பிள்ளையை இழுத்து அணைத்த அதே பெண் இப்போது மதுராவைப் பார்த்துக் கையசைத்தாள். மகள் கைகளை உதறிக் கீச்சிட்டதும், "அங்கத்தப் பிள்ளையள் இப்பிடித்தானே, வெக்கமில்லாமச் சந்தோசப்படுவினம்" என்று யாரோ சிரித்தார்கள். நேரம் குறிக்கவில்லை, அட்டை காட்டவில்லை, அடுத்த சுற்றிலேயே ஏற்றிவிட்டார்கள். நான் அதிர்ந்துபோய் இருந்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊரில், என் மகளுக்கு இருப்பதை மன்னிக்க ஆளில்லை. அவள் இந்த ஊர்ப் பிள்ளை இல்லை என்றதும் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது. எனக்கு அக்காமேல் கோபம் வந்தது. அவளால்தான் மகள் ஏறினாள் என்பதால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

நாங்கள் இருந்த பெட்டி உச்சிக்குப் போனபோது உள்துறைமுகம் முழுவதும் தெரிந்தது. தூரத்தில் சீனன்குடாப் பக்கம் விளக்குகள் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். மதுரா அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. சக்கரத்தின் நடு அச்சையே பார்த்துக்கொண்டு, அடித்தொண்டையால் அவளுடைய சொற்களில்லாத பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் வந்தால் அவள் பூரண சந்தோசத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். நான் அவள் முகத்தைப் பார்த்து அழுதேன்.

கீழே இறங்கியதும் அவள் நகர மறுத்தாள். "இன்னும்" என்றாள், மிகத் தெளிவாக. பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று அக்கா சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ராட்டினக்காரர் வாயைப் பிளந்தார்.

"பாத்தீங்களா! ஒரு சுத்தில தமிழ் பழகிட்டா!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். நானும் சிரித்து வைத்தேன். இரண்டாவது தடவை ஏற்றுவதற்காக அவர் மறுபடியும் கூட்டத்தை விலக்கினார். விலகியவர்களில் கொஞ்சம் மொட்டை விழுந்த ஒரு மனிதன், தன் பிள்ளைகள் இரண்டையும் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, எங்களுக்கு மரியாதையாக வழிவிட்டான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவன் பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கூப்பிட்டால் கட்டிப்பிடிப்பான். மகளின் கன்னத்தைத் தட்டி, "பிள்ளைக்குப் பேரென்ன?" என்று கேட்பான். அவள் பதில் சொல்லமாட்டாள். ஏன் என்று கேட்பான். ராட்டினக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

மதுராவின் கையை இறுக்கிப் பிடித்தேன். "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லி அவனைக் கடந்துபோனேன்.