மேல்நெருப்பு

அம்பிட்டியவில் மூன்றாம் நாளாக மழை. பிற்பகல் மூன்று மணிக்குக் கரண்ட் போனபோது, ரவையும் முந்திரியும் போட்ட லவ் கேக்கை ஓவனுக்குள் வைத்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. வேக ஒரு மணித்தியாலம் வேண்டும்.

“கதவத் தொறக்காத புள்ள,” என்றாள் டொரதி. தம்பி வலன்ரைனின் மகள் நிலூஷா கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நிலூஷாவின் நிச்சயத் தட்டு தெல்தெனியவிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். கேக்கைக் கடையில் சொல்லிவிடலாமா என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டபோது, “எங்கம்மா கேக் இருக்கறப்ப கடைக் கேக் எதுக்குங்க?” என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள் டொரதிதான். மறுபடி செய்ய வீட்டில் முந்திரியும் இல்லை, முட்டையும் இல்லை. இந்த மழையில் கடைகளும் பூட்டு.

டொரதிக்கு ஐம்பத்தெட்டு வயது. கண்டியில் ஒரு தையல்கடையில் முப்பது வருடம் சட்டைக் கழுத்து வெட்டியவள். கேக் செய்ய அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் அம்மா கண்ணளவாகப் போட்டதையெல்லாம், சட்டியில் விழுமுன் தட்டில் பிடித்து, நிறுத்து, கொப்பியில் எழுதிக்கொண்டாள். “வேலயக் கெடுக்காதடி,” என்று அம்மா அகப்பையால் முழங்கையில் தட்டுவாள். அகப்பையில் ரோஸ் எசன்ஸ் மணக்கும்.

கொப்பியில் ஏறாதது சூடு மட்டும். லயத்தில் ஓவன் கிடையாது. அடுப்பில் பெரிய சட்டி, அதற்குள் கேக் தட்டு, மூடிமேல் சிரட்டைத் தணல். தணலுக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்து அம்மா ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுவாள். ‘பாவிகளாகிய எங்களுக்காக’ என்ற இடத்தில் கை பொறுக்காமல் விலகினால் சூடு சரி. அதற்கு முன்பே விலகினால் அதிகம். ஆமென் வரை பொறுத்தால் கேக் வேகாது.

கரண்ட் வருவதாகத் தெரியவில்லை. அத்தை சொன்னபடி நிலூஷா பின்கட்டில் சிரட்டை எரித்தாள். தணலானதும் டொரதி ஓவனைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு தட்டை விறகடுப்பில் சூடேறியிருந்த பெரிய சட்டிக்கு மாற்றினாள். நடுப்பகுதி கூழாக ஆடியது. மூடிமேல் தணலைக் கொட்டி, கையைப் பிடித்துச் செபம் சொன்னாள். ‘பாவிகளாகிய’ வந்ததும் கை விலகியது.

“சரியா இருக்கு.”

ஐந்து நிமிடத்தில் கருகல் வாசனை வந்தது.

“அத்தை, கேக்கு கருகுது.”

“சூடு சரின்னு பார்த்தேனே.”

“எங்க பார்த்தீங்க? கோயில்ல பூசைக்குக் கடைசி மணி அடிச்சதும் ஓடுற மாதிரி செபத்த ஓட்டுனீங்க.”

டொரதி இடுக்கியால் பாதித் தணலை எடுத்து வாளியில் போட்டாள். மறுபடி கையைப் பிடித்தாள். இம்முறை அம்மாவைப்போல, ஒவ்வொரு வரிக்கும் மூச்சு விட்டு. ‘பாவிகளாகிய எங்களுக்காக’ என்றபோதுதான் சுட்டது.

பிறகு நாற்பது நிமிடம் இருவரும் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். இடையில் கரண்ட் வந்தது. நிலூஷா ஓவனைப் பார்த்தாள். டொரதி வேண்டாமென்று தலையை அசைத்து, எழுந்துபோய் அதன் சுவிட்சை அணைத்தாள். நேரம் முடிந்ததும் மூடியைத் திறந்து நடுவில் ஈர்க்கைக் குத்தி எடுத்தாள். மாவு ஒட்டவில்லை. மேலே பொன்னிறம். ஒரு ஓரத்தில் மட்டும் கறுப்பு.

ஆறியதும் அடிக்கோல் வைத்து நாற்பத்தெட்டுத் துண்டு வெட்டினாள். கருகியவை இரண்டு.

“மாப்ள வீட்டுக்கு நாப்பத்தாறு,” என்றாள் நிலூஷா. “இந்த ரெண்டும்?”

“ஒங்கப்பாவுக்கு. அம்மா இருந்தப்பவும் கருகுன துண்டுக்குத்தான் அவன் அடம்பிடிப்பான்.”

டொரதி கையைக் கழுவிக்கொண்டு கொப்பியைத் தேடி எடுத்து, ‘சூடு’ என்று எழுதி, கீழே செபத்தை மூச்சு விடும் இடங்களோடு வரிவரியாக எழுதினாள்.