ஓடைச் சேறு யாருடையது?

போன மாதம் கலிபோர்னியாவின் லிவர்மோரில் ஓர் ஓடைச் சேற்றுக்கு நான் நீதிபதி. சிரிக்காதீர்கள்... பொதுப்பணித் துறையில் ஆயுள் முழுக்க ஏரிக்குத் தூர் வாரியவனுக்கு ஓய்வில் வேறென்ன பதவி கிடைக்கும்?

மத்திய தரைக்கடல் நாடுகளைப் போலவே இங்கும் கோடையில் சொட்டு மழை கிடையாது; குளிர்காலத்தில் கொட்டும். ஆலிவ் நன்றாக வரும் – சரிவு நிலத்து மண்ணும் நன்றாக ஓடும்.

மலைச்சரிவில் ஆலிவ் தோப்பு வைத்திருக்கும் ஜமால், சாஃப்ட்வேர்காரர். கீழே உள்ள குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் விக்டர், தூத்துக்குடிக்காரர். மழையில் ஓடை காபி நிறமானதும் விக்டர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"பாய், எல்லாம் உங்க தோப்பு மண்ணு. மரத்தை எடுத்துட்டுப் புல்லு போடுங்க. இல்லேன்னா கவுன்ட்டி ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் பண்ணிடுவோம்."

ஜமால் என்னிடம் ஓடி வந்தார். நான் தங்கியிருப்பது மகள் வீட்டில்; அவள் பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி செய்கிறாள். வழி சொன்னது அவள்தான். அந்தக் கால அணுகுண்டுச் சோதனைகளின் தூசி உலகெங்கும் மேல்மண்ணில் ஒட்டியிருக்கிறது. ஆழத்து மண்ணில் இல்லை. சேற்றில் அது இருந்தால் தோப்பின் மேல்மண், இல்லாவிட்டால் ஆழத்து மண் என்று பூர்வீகம் தெரிந்துவிடும்.

மண் எடுக்கப் போனால்... தோப்பு முழுக்கக் கடையில் வாங்கிய கறுப்பு மண்.

"என்ன ஜமால் இது?"

"இன்ஸ்பெக்‌ஷன்னா கொஞ்சம் நீட்டா இருக்கணும்ல அங்கிள்?"

"கைரேகை எடுக்க போலீஸ் வந்தா, முன்னாடியே வீட்டைத் துடைச்சு வைப்பீங்களா?"

"வைக்காம? வீட்டுக்கு வர்றாங்கல்ல?"

நான் ஆய்வுக்குப் போன ஊர்களிலெல்லாம் ப்ளீச்சிங் பவுடரில் கோடு போட்டு வரவேற்பார்கள். கடல் தாண்டியும் அந்தக் கோடு அழியவில்லை!

கறுப்பு மண்ணை ஒதுக்கி, அசல் மண்ணைச் சுரண்டினோம். ஓடைக்கரையிலும் எடுத்தோம், சேற்றிலும் எடுத்தோம். எதிர்த்தரப்பு உடனிருக்க வேண்டும், அதுதான் முறை – விக்டரையே பைகளைப் பிடிக்கச் சொன்னேன். உற்சாகமாகப் பிடித்தார்.

மகளின் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. சேற்றில் அந்தத் தூசி இல்லவே இல்லை என்று சொல்லலாம். மண் தோப்பிலிருந்து வரவில்லை; கரை இடிந்து, அதன் ஆழத்து மண் வந்திருக்கிறது. கரை ஏன் இடிந்தது? 'வியூ' மறைக்கிறது என்று கோடையில் சங்கமே கரையோரப் புதரையெல்லாம் வேரோடு பிடுங்கியிருந்தது.

ஜமாலின் மரங்கள் பிழைத்தன. சங்கக் கூட்டத்தில் விக்டர் எழுந்தார்.

"யாரு மண்ணுங்கிறது இப்ப முக்கியமில்ல. ஓடை எல்லாருக்கும் பொது. நாம ஒத்துமையா இருக்கணும்."

பலத்த கைத்தட்டல்.

ஒரு விசாரணை எப்போது முடியும் என்கிறீர்கள்? குற்றம் சாட்டியவர் வீட்டு வாசலைத் தொட்டதும்.