தாயைக் காட்டச் சொன்னேன்

இன்று காலை பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரு வீட்டுக்கு கோல்டன் ரெட்ரீவர் நாய்க்குட்டி பார்க்கப் போனேன். குட்டியின் தாயைப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். போனில் "வாங்க, காட்டறேன்" என்ற ஆள், வாசலில் வேறு மாதிரி பேசினார்.

"தாய் ஊருக்குப் போயிருக்கு மேடம்."

"நாய்க்கு ஏதுங்க ஊரு?"

"ஓசூர்ல என் மாமனார் வீடு. குட்டி போட்ட உடம்பு, ரெஸ்ட் வேணும்ல?"

"அப்போ குட்டிக்குப் பாலு?"

அவர் கூண்டைக் காட்டினார். கூண்டுக்குள்ளிருந்து ஒரு குட்டி என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கு அதை விட்டு வர மனமில்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனாலும் நான் கிளம்பினேன். "இருங்க மேடம்!" என்று பின்பக்கம் ஓடி, ஒரு பெரிய நாயை இழுத்து வந்தார். வயிற்றை மூடித் தொங்கும் முடி.

"நேத்தே வந்துடுச்சாம், வீட்ல சொல்லவே இல்ல. இதான் தாய். பேரு ராணி."

ராணி என்னை முகர்ந்தாள். வாலை ஆட்டினாள். பிறகு என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தருகே போய், நிதானமாக ஒரு காலைத் தூக்கினான்.

அவ்வளவு முடியாலும் அதை மறைக்க முடியவில்லை.

"சில பொம்பள நாயும் இப்படித்தான் மேடம்," என்றார்.

வெறுங்கையோடு வந்துவிட்டேன். அந்தக் குட்டியை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நான் வாங்கினால், எங்கேயோ கண்ணில் படாமல் கிடக்கும் அதன் தாய் மறுபடியும் குட்டி போட வேண்டியிருக்கும்.

பெங்களூரில் பொறுப்பாக நாய் வளர்த்து விற்பவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. தாய் பெண்ணாக இருந்தால் போதும்.