கறுத்த மணல் கெட்டி

புதன்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை. நேர்காணலில் "டூவீலர் ஓட்டுவீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஓட்டுவேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, லைசென்ஸ் வைத்திருக்கிறாள். ஆனால் ஏழு மாதமாக எந்த வண்டியின் ஹேண்டில்பாரையும் அவள் தொடவில்லை. நிலையத்தில் வண்டி தருவார்கள். ஓட்டப் பயமாக இருக்கிறது என்றால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

அவள் என் தோஸ்து. பெண்கள் பள்ளிக்கூடத்தில், ப்ளஸ் டூவில் ஒரே பெஞ்சு. அவள் வீடு நெட்டுக்குப்பம், என் வீடு திருவொற்றியூர். அவள் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து எண்ணூர்த் தெருக்களில் விற்கிறவர். என் அப்பா கன்டெய்னர் குடோனில் சரக்கு இறக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், காலேஜையும் முடித்தேன். அந்தப் பெருமையை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கடை மெசேஜ், கரன்ட் ஆபீஸ் கடிதம் என்று தெருவே என்னிடம் கொண்டுவந்து காட்டும். நான் படித்துச் சொல்வேன். சொல்லிச் சொல்லிப் பழகி, கேட்காதவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவள் விழுந்ததற்கும் அந்தப் பழக்கம்தான் காரணம்.

என் பைக்கில்தான் அவள் ஓட்டப் பழகினாள். லைசென்ஸ் வாங்கிய இரண்டாவது வாரம், மழைவிட்ட ஒரு சாயங்காலம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் நிலக்கரித் தூள் கரைந்து கறுப்புச் சேறாகக் கிடந்தது. வலது பக்கம் டிரெய்லர் லாரி. நான் வாயை மூடவே இல்லை. "லெஃப்ட்ல போ. கியரக் கொற. ஏய், பிரேக்கு, பிரேக்கு!" அவள் முன் பிரேக்கை இறுக்கினாள். வண்டி சேற்றில் வழுக்கிப் படுத்தது. டிரெய்லரின் சக்கரம் அவள் தலைக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. இறங்கி வந்த டிரைவருக்கு எங்களைத் திட்டக்கூட வரவில்லை. ரோட்டோரமாக உட்கார்ந்து எங்கள் தண்ணீர் பாட்டிலையே வாங்கிக் குடித்தார். எனக்கும் அவளுக்கும் முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ராயபுரத்தில், கப்பல் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்கிற ஆபீசில் எனக்கு வேலை. தூத்துக்குடிக் கிளையில் அதே வேலை பார்க்கிற அக்கா ஒருவரோடு தினமும் போனில் பேசுவேன். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்க பக்கம் பாலைவனமே இருக்கு தெரியுமா? தேரிக்காடுன்னு சொல்லுவோம். செக்கச்செவேல்னு மணலு. சின்னதுல மேலருந்து உருளுவோம், ஒரு அடி படாது."

கடைசி வரிதான் என் காதில் நின்றது. விழுந்தால் அடிபடாத இடம். திங்கட்கிழமையும் சேர்ந்து லீவு வந்த ஒரு வாரக்கடைசி இருந்தது. அவள் வேலையில் சேர்வதற்கு முந்தைய வாரக்கடைசி.

"பாலைவனமா? இன்னாத்துக்கு, ஒட்டகம் மேய்க்கவா?" என்றாள்.

"வேலைக்குப் போய்ட்டா லீவு கெடைக்காதுடி. மூணு நாள், போய்ட்டு வந்துரலாம்."

"நம்ம ஊர்ல பவர் ஹவுஸ் சாம்பல் குட்டை கீதே. அதுல போய் நின்னா பாலைவனம் மாறி தான கீது?"

"அது கலீஜ். இது சோக்கா கீதாம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு அழைக்கிறேன் என்று புரிந்திருக்கும். ஆனாலும் வந்தாள்.

சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். என் பைக் இரண்டு கை மாறி வந்தது. காலை நேரத்தில் சோக் இழுக்காமல் உயிர் வராது. நான் ஓட்ட, அவள் பின்னால். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் அவள் முழங்கால் என் இடுப்பை அழுத்தும். திண்டிவனம் தாண்டியபோது, கண்ணாடியைப் பார்க்காமலே லாரி வருவதைச் சொல்லும் அளவுக்கு நான் தேறியிருந்தேன். திருச்சிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் ஹெல்மெட்டோடு இறங்கியவளைப் பார்த்து, "தம்பிக்கு டீயா காபியா?" என்று கேட்டார் கடைக்காரர். "தம்பிக்கு டீ, அண்ணனுக்கு காபி" என்று என்னைக் காட்டினாள் அவள். சாயங்காலம் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது என் உள்ளங்கை இரண்டும் மரத்திருந்தன. அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததுதான் தெரியும்.

ஞாயிறு காலை தேரிக்குப் போனோம். தார் ரோடு முடிந்து, பனைமரங்களுக்கு நடுவே வண்டித்தடம் ஒன்று போனது. கடைசி வளைவில் திடீரென்று எல்லாம் சிவப்பு. மிளகாய்த்தூளைக் கொட்டி மேடு மேடாகக் குவித்தது போல. கப்பலின் அடிவயிற்றுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ட் நாங்கள் பார்த்ததுதான், அதைவிடச் சிவப்பு. எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் ஒரு புகைக்குழாய் கண்ணில் படும். இங்கே சுற்றிச் சுற்றிப் பார்த்தும் பனை மட்டும்தான் உயரமாக இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலால் மணலை அளைந்து பார்த்தாள்.

நான் சாவியை நீட்டினேன்.

"வேணா."

"யாரும் இல்லடி. லாரி இல்ல, ஒண்ணும் இல்ல. விழுந்தாக்கூட மணல்தான்."

"வேணான்றேன்ல. சொம்மா சுத்திப் பாத்துனு போவலாம். சாவிய உள்ள வை."

அறுநூறு கிலோமீட்டர் கூட்டி வந்தது இதற்காகவா என்று எனக்குச் சுருக்கென்றது. "சரி, நான் ஓட்றத பாரு. பாத்தாலே பயம் போய்டும்" என்று வண்டியில் ஏறினேன்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் அம்மாக்கள் வயதிருக்கும், கையை ஆட்டினார். "எளா, வண்டிய எங்க கொண்டு போற? அந்தப் பக்கம் போவாத, பொதைஞ்சிரும்."

"எங்களுக்கு மணல் தெரியும்க்கா. நாங்க கடற்கரைக்காரங்க" என்றேன்.

அதைச் சும்மா சொல்லவில்லை. எங்கள் கரையில் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டி தினமும் மணலில் ஓடும். காய்ந்த வெள்ளை மணலில் விட்டால் புதையும், அலை நனைத்த கறுத்த மணலில் விட்டால் சிமென்ட் தரையில் போவது போலப் போகும். கறுத்த மணல் கெட்டி. இதை யாரும் சொல்லித் தந்ததில்லை, நடக்கப் பழகும்போதே கால் கற்றுக்கொண்டது. தேரியிலும் மணல் இரண்டு நிறமாகத்தான் கிடந்தது. ஒரு பக்கம் வெளிறி, புல்லும் ஆட்டுக் காலடியுமாக. இன்னொரு பக்கம் கரும் சிவப்பாக, வழவழவென்று, ஒரு தடம் இல்லாமல். நான் யோசிக்கவே இல்லை. கரும் சிவப்பில் விட்டேன்.

ஈரத்தால் கறுத்த மணல் அல்ல அது. காற்று கொண்டுவந்து கொட்டிய புது மணல். பத்தடிகூடப் போகவில்லை, பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. நான் ஆக்சிலேட்டரை முறுக்கினேன். மணல் பின்னால் பீய்ச்சி அடித்து அவள் முகமெல்லாம் சிவப்பு.

"முறுக்காதடி! முறுக்க முறுக்க உள்ள போவுது!"

"எனக்குத் தெரியும், இரு" என்று இன்னும் முறுக்கினேன். செயின் புதைந்தது. சைலன்சர் புதைந்தது. ஸ்டாண்டு போடாமலே வண்டி நேராக நின்றது.

ஆட்டுக்கார அக்கா மெதுவாகப் பக்கத்தில் வந்து பார்த்தார். "கடக்கரைப் பிள்ளையளா... இனி கடல்தான் வரணும், இழுத்துட்டுப் போவ."

தோழி சிரிக்கவில்லை. "எறங்கு" என்றாள். இறங்கினேன். "அன்னிக்கும் இப்டித்தான். ஒனக்கு வாய் ஓயாது. நா பின் பிரேக்குலதான் கால் வச்சினு இருந்தேன். நீ கத்துன கத்துல கை தானா மூடிக்கிச்சு. ஏழு மாசமா வண்டியப் பாத்தாலே ஒன் கொரல்தான் கேக்குது எனக்கு. பிரேக்கு, பிரேக்குன்னு."

"சாரிடி" என்றேன்.

"சாரி அப்பால சொல்லு. மொதல்ல வண்டிய எடுக்கணும்."

குப்பத்தில் படகு மணலில் உட்கார்ந்துவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்து, அடியில் மணலைத் தள்ளி நிரப்பி, கட்டை கொடுத்து எடுப்பார்கள். அவள் அதையே செய்தாள். இரண்டு பேருமாக வண்டியைப் படுக்க வைத்தோம். சக்கரம் தோண்டிய குழியைக் கையால் அள்ளி மூடினாள். விழுந்து கிடந்த காய்ந்த பனை மட்டைகளை ஆட்டுக்கார அக்கா இழுத்து வந்தார். தோழி அவற்றை வெளிறிய மணல் வரைக்கும் வரிசையாகப் போட்டாள். வண்டியை நிமிர்த்தினோம்.

"ஒருத்தி புடிக்கணும், ஒருத்தி தள்ளணும்" என்றவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான் குண்டா கீற. நீ தள்ளு."

சொல்லிக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டு வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பிடித்து, கியர் போட்டாள். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன். மெதுவா விடு, குனிஞ்சு உட்காரு, கிளட்சை டக்குன்னு உடாத என்று வாய் நிறைய வார்த்தைகள் வந்து நின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அக்காவும் ஒரு கை கொடுத்தார்.

மட்டைகள் நொறுங்கின. வண்டி ஒரு துள்ளு துள்ளி வெளியே போனது. வெளிறிய மணலில் ஏறி, ஆடுகள் சிதற, ஒரு வட்டம் திரும்பியது. திரும்பும்போது சாய்ந்து, தொப்பென்று விழுந்தது.

ஓடினேன். அவள் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது.

"அடி பட்டுச்சா?"

அவள் நாக்கைத் துழாவிக்கொண்டிருந்தாள். "வாயில மண்ணு பூந்துச்சுடி." பிறகு ஆச்சரியமாகச் சொன்னாள்: "உப்பே இல்ல."

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எழுந்து, நான் கை கொடுக்கும் முன் வண்டியைத் தானே நிமிர்த்தி, மறுபடி ஏறினாள். வெயில் உச்சிக்கு வரும்வரை ஓட்டினாள். இன்னும் நாலு தடவை விழுந்தாள். நான் ஒரு பனை நிழலில் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன்.

"அந்தப் பிள்ளை நல்லாத்தான ஓட்டுது. பொறவு நீ எதுக்கு ஓட்டுன?" என்று கேட்டார் அக்கா.

ஆனால் தார் ரோடு வந்ததும் அவள் நிறுத்தி இறங்கிவிட்டாள். சாவியை என் கையில் வைத்தாள். நான் முன்னால் ஏறினேன். அன்று திருச்சியில் தங்கி, குளிக்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்தோம், மறுநாளும் நானே ஓட்டினேன். லாரி தாண்டும்போதெல்லாம் அவள் முழங்கால் பழையபடி என் இடுப்பை அழுத்தியது. புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. மணலில் போன பயம் ரோட்டில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டதோ என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

திங்கள் மதியம் புழல் ஏரியைத் தாண்டி, மணலி வழியாக எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதில் திரும்புகிற முனையில் ஒரு டீக்கடை. டீ குடித்து முடித்து ஹெல்மெட்டை எடுத்தேன். அவள் எனக்கு முன்னால் வண்டியருகே போய் நின்றாள்.

"நீ பின்னாடி குந்து."

நான் வாயைத் திறந்தேன்.

"ஒரே கண்டிஷன்" என்றாள். "வாய மூடினு வரணும்."

குந்தினேன். லீவு நாளானாலும் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன, ஊர்ந்தன, ஹாரன் அடித்தன. ஒன்று எங்களைத் தாண்டியபோது என் முழங்கால் அவள் இடுப்பை அழுத்தியது. அவளும் அதை எண்ணிக்கொண்டு வந்திருப்பாள். அன்று நாங்கள் விழுந்த இடத்தில் இன்று சேறு இல்லை, கறுப்புப் புழுதி மட்டும் ஒரு பாய் அளவுக்குப் பரவிக் கிடந்தது. வலது பக்கம் ஒரு டிரெய்லர் ஒட்டி வந்தது. என் தொண்டை வரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. ஹெல்மெட்டின் வாரைப் பல்லால் கடித்தேன். அவள் வலது கால் மெதுவாக அழுந்துவது தெரிந்தது. வண்டி நிதானமாக வேகம் குறைந்து, புழுதியைத் தாண்டி, டிரெய்லரை முன்னே போகவிட்டு, தன் வழியில் போனது.

நெட்டுக்குப்பத்தில் அவள் அம்மா வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் தலை, சட்டை, காது மடல் எல்லாம் இன்னும் சிவப்பு.

"இன்னா, ரெண்டு பேரும் மொளகாத்தூள்ல பொரண்டு வந்துகினு கீறீங்க?" என்றார். பிறகுதான் யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தார். கூடையைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினார். மகளிடம், "நாளிக்கி காலீல என்ன காசிமேட்டுல உட்டுட்டு வா. அந்த ஆட்டோக்காரன் ஒரே பேஜாரு" என்றார்.

வண்டி என்னுடையது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

காலை நேரத்தில் சோக் இழுக்காமல் அந்த வண்டிக்கு உயிர் வராது. தெருமுனை வரை போய், அதைச் சொல்லிவிட்டு வரலாமா என்று நின்றேன். சொல்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.