தொட்டுவிட்டுப் படகேறு

"...உன் வீட்டுக்காரர் எங்க கையையெல்லாம் கீறினாரே, அதுவும் ஒரு தொடுதல்தானே? தொட்டா அம்மை வராதுன்னார், நம்பி நீட்டினோம். இப்ப நீ இதைத் தொட்டு உதட்டுல வை. கடல் உன்னை ஒண்ணும் செய்யாது."

ஊர்த்தலைவரின் மனைவி இதை மலாயில் சொல்லிக்கொண்டே கிண்ணத்தைச் சித்தியின் முகத்துக்கு நேராக நீட்டினார். தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழம். வாசனைக்கு எனக்கு நாக்கு ஊறியது. நான் ஏற்கெனவே இரண்டு கிண்ணம் முடித்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

சித்தப்பா மெர்சிங் ஆஸ்பத்திரியில் டிரெஸர், டாக்டருக்கு அடுத்தபடி மருந்து போடுகிறவர். அவுர் தீவுக்கு அம்மை குத்த வந்திருந்தார். தீவுப் பெண்கள் அந்நிய ஆணிடம் கையை நீட்ட மாட்டார்கள் என்று, பிடித்துக்கொடுக்கச் சித்தியையும் கூட்டிவந்தார். பிள்ளையில்லாத வீட்டில் கொஞ்சம் சத்தம் இருக்கட்டும் என்று அம்மா என்னை அவர்களிடம் விட்டிருந்தாள். அதனால் நானும் வந்துவிட்டேன். பாவாடைச் சிறுமிக்குக் கடல், கிளிஞ்சல், புதுச் சனம் எல்லாமே வேடிக்கை.

அந்தத் தீவில் ஒரு வழக்கம். வைத்த பண்டத்தைத் தொட்டு உதட்டில் வைக்காமல் யாரும் கிளம்பக்கூடாது. கிளம்பினால் வழியில் ஆபத்து. சித்திக்கோ கந்த சஷ்டி. பொழுது சாயும்வரை பச்சைத்தண்ணீர் கூடப் பல்லில் படக்கூடாது.

"தொட்டு வெச்சுத் தொலையேன். முருகன் என்ன உன் உதட்டையா பார்த்துக்கிட்டு இருக்கான்?" என்றார் சித்தப்பா.

"உங்களுக்கென்னங்க! இந்த வருஷமும் பாழாப்போச்சுன்னா அப்புறம் நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

வடகிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்காலம் பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் படகு கிடையாது. ஆனால் படகோட்டி துடுப்பைத் தொடவே இல்லை.

"ஒருத்தர் தொடலைன்னா படகுல இருக்கிற எல்லார் தலையிலயும் விழும், துவான்" என்றான் சித்தப்பாவிடம் மரியாதையாக. பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்தம்மா மகன் அவசரம்னு தொடாமப் போனவன்தான், கடல்லயிருந்து திரும்பல. அதுக்கப்புறம் அவங்க படகுல காலே வெச்சதில்ல."

"அப்போ கிண்ணத்தைக் கொடு, பொழுது சாய்ஞ்சதும் படகுலயே தொட்டுக்குறா" என்று சித்தப்பா ஆஸ்பத்திரி மூளையை ஓட்டிப் பார்த்தார்.

"ஆகாது துவான். பண்டம் போனா, கொடுத்த கையும் கூடப் போகணும்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த அம்மாளின் கைலியைப் பிடித்து இழுத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "சித்திக்குப் பாப்பா வேணும். அதுக்குத்தான் சாப்பிட மாட்டாங்க" என்றேன்.

சித்தப்பா என் காதைத் திருகினார். சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் சித்தியின் வயிற்றையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை ஒரு வாழை இலையால் மூடி, நாரால் கட்டினார்.

ஊர்த்தலைவர் ஓடிவந்து ஏதோ சொன்னார். இப்போது போனால் மழைக்காலம் முடிகிறவரை திரும்ப முடியாது என்று படகோட்டியும் சொன்னான். அந்த அம்மாள் நார் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார். கரையில் நின்ற பெண்களில் ஒருத்தி ஏன் விசும்பினாள் என்று எனக்கு விளங்கவில்லை. மெர்சிங் கடைத்தெருவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று அந்த அம்மாளுக்கு ஆசை, அதற்குப் போய் ஏன் அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பெரிய மனுஷிபோலத் தள்ளி உட்கார்ந்து இடமும் விட்டேன்.

அவர் கைலியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார். படகின் விளிம்பைப் பிடித்துச் சற்று நின்றார். பிறகு ஏறி, சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.