இம்போர்ட் ஆகாத கதைகள்

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். பாதி நாள் பாடம் நடப்பதில்லை, ‘இம்போர்ட்’ ஏன் ஆகவில்லை என்று பார்ப்பதிலேயே போய்விடுகிறது. யாரோ எழுதி வைத்த தொகுப்பை நம் நிரலுக்குள் அழைப்பதுதான் இம்போர்ட். சில தொகுப்புகளுக்குள், வேகத்துக்காக அந்தந்தக் கம்ப்யூட்டருக்கென்றே தயாரித்த கோப்புகள் இருக்கும். பட்டவர்களுக்குத் தெரியும், தொல்லை அங்கேதான்.

இரண்டு காயத்ரி

திருக்கோவிலூரிலிருந்து வரும் காயத்ரி, கணக்குப் போட உதவும் ‘நம்பை’ தொகுப்பைப் பழகத் தொடங்கியவள், தன் கோப்புக்கும் அதே பெயரை வைத்துவிட்டாள். பைத்தான் முதலில் தேடுவது நம் நிரல் இருக்கும் ஃபோல்டரில். அங்கே இவள் கோப்பு கிடைத்ததும் உண்மையான நம்பையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெயரை மாற்றியதும் ஓடியது. இரண்டு நாள் அழுத முகத்தோடு கேட்டாள்:

“எங்க கிளாஸ்ல ரெண்டு காயத்ரி இருந்தா இனிஷியல் பாத்து கூப்டுவாங்க மேடம், இதுக்கு அதுகூட தெரியாதா?”

பெயர் மாற்றம்

போட்டோ ஸ்டூடியோ பாஷா அண்ணன், பழைய கம்ப்யூட்டரில் இருந்த, படங்களைத் திருத்தும் பைத்தான் தொகுப்பைப் புதியதற்கு அப்படியே காப்பி செய்தார். கோப்பின் பெயரில் 310 என்று பழைய பைத்தானின் எண் இருந்தது. புதியது 312. அண்ணன் எண்ணைத் திருத்திவிட்டார். பைத்தானும் நம்பித் திறந்தது. உள்ளே எல்லாம் பழையதற்கானது என்று தெரிந்ததும் மறுத்துவிட்டது. புதிதாக இன்ஸ்டால் செய்து கொடுத்தேன்.

“பேர் மாத்துனா ஆதார்லகூட ஒத்துக்கினு போறாங்க, இது இன்னாமா இவ்ளோ ஸ்ட்ரிக்டா கீது?”

மரவள்ளி இலை

இது என் தப்பு. கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கும் செல்வி டீச்சர், மரவள்ளி இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் நிரலை மாணவிகளோடு செய்திருந்தார். மலையில் நெட் நிற்காது என்று தொகுப்புகளை என்னிடம் பென் டிரைவில் வாங்கிப் போனார். பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு முந்தின நாள் போன்: “ஒண்ணுமே இம்போர்ட் ஆவலைங்க!” கோப்புப் பெயரின் கடைசியைப் படிக்கச் சொன்னேன். “‘வின்’னு இருக்குங்க” என்றார். என்னுடையது விண்டோஸ், பள்ளி லேப்டாப் லினக்ஸ்; ஒன்றுக்கான கோப்பு மற்றதில் ஓடாது. கேட்காமலே கொடுத்திருக்கிறேன்.

லினக்ஸுக்கானதை எடுத்துக்கொண்டு மறுநாள் முதல் பஸ்ஸில் நானே மலையேறினேன். கண்காட்சி திறக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நிரல் ஓடியது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாணவியின் அப்பா தன் கொல்லையிலிருந்து இலை கொண்டுவந்திருந்தார். திரையில் ‘தேமல் நோய்’ என்று வந்தது. தலையாட்டினார்.

“அது எனக்கே தெரியும்ங்க. எப்ப சரியாவும்னு கேட்டு சொல்லுங்க.”

ஊர் திரும்பியதும், ‘அனைத்துப் பிரச்சினைகளுக்கும் தீர்வு’ என்றிருந்த என் சென்டர் போர்டில் முதல் சொல்லை மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டேன்.