அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்த கடிதம்

கோவில் வகுப்புப் பிள்ளைகளே, போன வருடம் ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் முன்னால் நின்று நான் பேசினேன். நினைவிருக்கும். என் மகள் கோமதிக்கு அம்மன் கண் கொடுத்துவிட்டாள் என்று சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். நான் சொன்னது உண்மை இல்லை. அம்மன் அருள் செய்தது உண்மை. ஆனால் அது வேறு மாதிரி வந்தது. அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், கோமதியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆறாம் வகுப்பு. தூரத்தில் வரும் பஸ்ஸின் பெரிய நம்பர் தெரியும். புத்தகத்தில் உள்ள எழுத்து தெரியாது. கண்ணில் நரம்புக் குறை, கண்ணாடி போட்டும் பயனில்லை என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும், வினாத்தாள் பெரிய எழுத்தில் வேண்டும், பரீட்சைக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று அதில் இருந்தது.

நான் அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை.

ஏன் என்றால், அப்போதுதான் தீமிதிப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். கண் கொடு தாயே என்று ஒரு பக்கம் கேட்டுவிட்டு, இன்னொரு பக்கம் குருட்டுப் பிள்ளைக்குச் சலுகை தாருங்கள் என்று கடிதம் கொடுத்தால், அம்மனை நம்பவில்லை என்றுதானே ஆகும்? அப்படித்தான் நினைத்தேன். ஊர் பேசுமே என்ற பயமும் இருந்தது. கடிதத்தை வீட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

ஆடியில் தீ மிதித்தேன். பாதம் வெந்துவிட்டது. கோமதிதான் தினமும் எண்ணெய் தடவினாள். தடவும்போதெல்லாம் கேட்பேன்.

"இப்ப தெரியுதா கண்ணு?"

ஒரு நாள், "தெரியுதுப்பா" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அவளை உங்கள் முன்னால் நிறுத்தி, தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். ஒரு பாடம் முழுவதும் தடங்கல் இல்லாமல் படித்தாள். "கோ ராசு, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன் 'கோ' சேர்த்துக் கூப்பிட்டு, பெரியவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன்.

ஐப்பசியில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்தது. கோமதி வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றில் அல்ல, எல்லாப் பாடத்திலும். சயாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நம் ஊரில் டீச்சரை அப்படித்தானே கூப்பிடுகிறோம். பர்மிய மொழியில் கடுமையாகப் பேசினார்.

"வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து கத்தி ஒப்பிக்கிறாள். ஒரு சொல் தப்புவதில்லை. எழுதச் சொன்னால் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். திமிர்! பிரம்பு உடைந்ததுதான் மிச்சம். வருடக் கடைசிப் பரீட்சையிலும் இப்படி என்றால் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்."

அப்போதும் டாக்டர் கடிதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கோமதியை அடித்தேன்.

"என் கால் வெந்தது எதுக்குடி? ஆத்தா கண்ணு குடுத்தும் எழுத மாட்டியா? படிடி இப்ப!"

பள்ளிப் புத்தகத்தை அவள் மேல் எறிந்தேன். அவள் அதைத் தடவி எடுத்து, மடியில் விரித்து, "எந்தப் பாடம்ப்பா?" என்றாள். சொன்னேன். அழுதுகொண்டே கடகடவென்று படித்தாள்.

புத்தகம் தலைகீழாக இருந்தது.

பிள்ளைகளே, அந்த நிமிடம் பட்ட வேதனை தீக்குழியில்கூட நான் படவில்லை. வகுப்பில் நாற்பது பேர் சத்தம் போட்டு ஒப்பிப்பதைக் காதால் கேட்டே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். நம் கோவில் பாடமும் அப்படித்தான். வினாத்தாள் மட்டும் சத்தம் போடாது. அதனால் அங்கே மாட்டிக்கொண்டாள்.

"ஏம்மா தெரியுதுன்னு சொன்ன?"

"உங்க கால் அப்படி இருந்துச்சேப்பா."

படத்தின் முன்னால் விழுந்தேன். "தாயே, நான் என்ன செய்யணும்? நீயே சொல்லு" என்று கதறினேன். பின்னாலிருந்து கோமதி சொன்னாள்:

"ஆத்தா என்ன சொல்லணும்? அந்தக் காயிதம் அவ பின்னாடிதான இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொருகுன சத்தம் கேட்டுச்சு."

எனக்கு வந்த பதில் அதுதான். நாலு மாதமாக அம்மன் முதுகில் சுமந்துகொண்டிருந்த பதில்.

மறுநாள் கடிதத்தைக் கொண்டுபோனேன். சயாமா இரண்டு தடவை படித்தார். "இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தீர்கள்? என் கையால் எத்தனை அடி அடிக்க வைத்தீர்கள்!" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கியாக்டடா பேட்டையில், கோர்ட்டுப் பக்கம் ஒரு போட்டோகாப்பி கடையில். வயதான வக்கீல்கள் வருவார்கள். "கோ ராசு, கண் மங்கிப்போச்சு, கொஞ்சம் பெருசா எடு" என்பார்கள். பட்டனைத் தட்டி எடுத்துக் கொடுப்பேன். பதினைந்து வருடமாக இதுதான் என் தொழில். ஒரு நாளாவது என் மகளின் பாடத்தை அந்த மெஷின் கண்ணாடியில் வைத்தேனா? இல்லை. நெருப்பில் இறங்கத் தெரிந்தது, பட்டனைத் தட்டத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பாடங்களைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். மாசியில் நடந்த கடைசிப் பரீட்சைக்குப் பள்ளிக்கூடமே பெரிய வினாத்தாள் கொடுத்தது. ஜன்னல் ஓர இடம், ஒரு மணி நேரம் கூடுதல். வாசலில் நின்ற ஒரு தகப்பன், "அந்தப் பொண்ணுக்கு மட்டும் என்ன தனி நேரம்? எம் பையனுக்கும் குடுக்கலாமே" என்று என் காதுபடச் சொன்னார். பிள்ளைகள், "கேள்வித்தாளா, காயப்போட்ட கைலியா?" என்று சிரித்தார்கள். கோமதி எழுதினாள். எல்லாப் பாடத்திலும் தேறினாள்.

அவள் கண் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நான் பக்கத்தில் சட்டென்று கை நீட்டினால் இன்றும் ஒதுங்குகிறாள். இந்த இரண்டும் மாறவில்லை. தாளை மூக்கோடு ஒட்டி வைத்துப் படிப்பதால் கோவில் வகுப்பில் நீங்கள் அவளை "மோப்பக்காரி" என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். நான் செய்தது அதைவிட மோசம். ஆனாலும் நிறுத்திவிடுங்கள்.

உங்களில் யாருக்காவது பலகை தெரியாவிட்டால், காது கேட்காவிட்டால், கை எழுத வராவிட்டால் அம்மனிடம் சொல்லுங்கள். நம்பிச் சொல்லுங்கள், அவள் கேட்பாள். அதே நாள் சயாமாவிடமும் சொல்லுங்கள். அது நம்பிக்கைக் குறைவு அல்ல. அப்பா மனம் நோகுமே என்று தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள்.

இதை எழுதி, கடையில் பெரிதாக்கி, முதலில் கோமதிக்குத்தான் கொடுத்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"'அடித்தேன்'னு மட்டும் போட்டிருக்கீங்க. பெல்ட்ட விட்டுட்டீங்கப்பா."

பெல்ட்டால்தான் அடித்தேன்.

தாயே, என் மகள் தானே படித்து, நான் மறைத்ததைக் கண்டுபிடித்தாள். உனக்கு நன்றி.